கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோட்டி

என் அப்பாவின் சட்டையில் எப்போதும் வெல்லப்பாகின் வாசனை இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வறுத்த கடலையின் தோல் கருகிய மணமும் சுக்குப்பொடியின் காரமும் பாகும் சேர்ந்த அந்த வாசனை எனக்குப் பின்னந்தலை வழியாகத்தான் வரும், ஏனென்றால் அப்பாவின் மொபெட்டில் என் இடம் முன்னால். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மிட்டாய் மூட்டை வைக்கிற காலியிடத்தில், அப்பாவின் இரண்டு கைகளுக்குள் நின்றுகொண்டு, எட்டயபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடக்கிற கரிசல் காட்டைப் பார்த்தபடி கடை கடையாகப் போவோம். ஹாரன் அடிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். வீட்டில் அந்த இடத்துக்கு "முன்னாடி" என்றே பெயர், "முன்னாடி யாரு?" என்று அப்பா வண்டியை உதைக்கும்போது கேட்பார், "நான்" என்று சொல்ல வேறு ஆளே கிடையாது.

அந்த இடத்தை என்னிடமிருந்து பிடுங்கியது ஓர் ஆங்கில வினைச்சொல். பிடுங்கியவள் பெயர் கனி, அத்தை மகள். பிடுங்கப் பயன்பட்ட சொல் "அட்ஜஸ்ட்". இன்று மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அந்த மொழியைத்தான் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன் என்பதால், இரண்டு பேரைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் கோவில்பட்டியில் இங்கிலீஷ் தெரியாதவர்கள் இருந்தார்கள், "அட்ஜஸ்ட்" தெரியாதவர்கள் இல்லை. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீட்டில் நான்காவதாக ஒரு அக்கா இடுப்பைச் சாய்த்துக்கொண்டு "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்பாள். தெருக்குழாயில் குடம் வரிசையாக நிற்கும்போது அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடி வந்தவள் "ஒரே ஒரு குடம், அட்ஜஸ்ட் பண்ணுங்க மதினி" என்று நடுவில் நுழைவாள். மொட்டை மாடியில் அப்பா ஆன்டெனாவைத் திருப்ப, நான் கீழே டிவி முன்னால் நின்று "வந்துட்டு, வந்துட்டு, போயிட்டு" என்று கத்துவேன். இலங்கை டிவியின் முகம் தெரிகிறவரை நடக்கிற அந்த வேலைக்கும் "அட்ஜஸ்ட்" என்றுதான் பெயர். சாம்பாரில் உப்பு கூடினால், ஜாக்கெட் இடுப்பில் பிடித்தால், கல்யாண வீட்டில் பாய் பத்தாமல் போனால், எல்லாவற்றுக்கும் அதே சொல். தனியாக வராது, "பண்ணு" என்கிற நம் ஊர்க்காரனைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். அனுசரி, சரிக்கட்டு, ஒத்துப்போ, ஒதுங்கு, நகரு என்று தமிழில் ஐந்தாறு சொல் செய்கிற வேலையை அது ஒற்றை ஆளாகச் செய்தது.

ஆனால் சின்ன வயதிலேயே நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். அந்தச் சொல்லை இடம் இல்லாதவரிடம் யாரும் சொல்வதில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துத்தான் சொல்வார்கள். குரலில் கெஞ்சல் இருக்கும், உள்ளே இருப்பது உத்தரவு. மறுத்தால் நாம்தான் கெட்டவர்கள்.

கனி எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அப்பாவுக்கு ஒரே தங்கை. புதியம்புத்தூரில் வாக்கப்பட்டு, அத்தையும் மாமாவும் ரெடிமேடு துணி தைத்துக்கொண்டிருந்தார்கள். சீசன் வந்துவிட்டால் இரண்டு பேரும் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், பிள்ளை துணிக் குவியலுக்குள் தூங்கி எழும். "கோயில்பட்டில இங்கிலீசு பள்ளிக்கூடம் இருக்கு, அண்ணன் வீடு இருக்கு, ஒரு வருசம் மட்டும் பாத்துக்கிடுங்க மதினி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஒரு வருஷம் அவள் பத்தாவது முடிக்கிறவரை நீண்டது.

அவள் வந்த மறுநாள் காலையில் அப்பா வண்டியை உதைத்துவிட்டு வழக்கம்போல "முன்னாடி யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கனியைத் தூக்கி முன்னால் நிறுத்தினார். அவள் என்னைவிடச் சில மாதங்கள் இளையவள், அரை சாண் குட்டை, அவ்வளவுதான் தகுதி. "நீ பெரியவள்லா, பின்னாடி ஏறிக்கோ. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோட்டி" என்றார். ஏறினேன். பின்னால் உட்கார்ந்தால் ரோடும் தெரியாது, காடும் தெரியாது, அப்பாவின் முதுகு மட்டும்தான். முன்னாலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. பக்கத்துத் தெருவில் ஆள் இல்லாத இடத்தில்கூட அவள் அடித்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான சொல் தேடுவதில் அர்த்தமில்லை, வயிறுதான் எரிந்தது. சாயங்காலம் அப்பா தன் கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து வரும்போது கொண்டு வருகிற ஓரத்துண்டு மிட்டாய், அதாவது பாகு கொஞ்சம் கூடுதலாக முறுகி விற்பனைக்கு ஆகாமல் போகிற துண்டு, எனக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது இப்போது இரண்டாக உடைந்தது. அப்பாவின் வலது பக்கம் பாய் போட்டுப் படிக்கிற இடம் போயிற்று, ஏனென்றால் அவளுக்கு இடது பக்கம் வெளிச்சம் பத்தாதாம். அத்தை தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் கவுன் தைத்து அனுப்பினாள். அவளுடையது அளவெடுத்த மாதிரி நிற்கும், என்னுடையது தொளதொளவென்று தொங்கும், கேட்டால் "வளர்ற பிள்ள, அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுக்கோ" என்று பதில். நான் மட்டும்தான் வளர்ந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அம்மாவிடம் முறையிட்டால், "அது தாய் தகப்பன விட்டுட்டு வந்து கெடக்கு, பாவம்லா. ஒனக்கு அப்பா எப்பவும் இருக்காவல்லா" என்பாள். அந்த "எப்பவும்" என்பதை நான் நம்பவில்லை. இதில் இன்னும் எரிச்சல் என்னவென்றால், கனி சண்டைக்கே வரமாட்டாள். உடைத்த மிட்டாயில் பெரிய பாதியை என்னிடம் நீட்டுவாள். கிள்ளினால் அழமாட்டாள், கோள் சொல்லமாட்டாள். இப்படி ஒரு நல்ல பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையால் நல்லதாக இருக்க முடியும்?

எங்கள் இருவருக்கும் அப்போது காது குத்தியிருக்கவில்லை. கழுகுமலையில் குத்துவதாக நேர்ந்துகொண்டு, வருஷத்துக்கொரு தடை வந்து தள்ளிப்போய், வகுப்பில் எங்களை "மூளிக்காது" என்று கூப்பிடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கனி வந்து இரண்டாவது வருஷம், பங்குனி உத்திரத்தன்று இரண்டு பேருக்கும் சேர்த்தே குத்திவிடலாம், செலவும் ஒன்றாகப் போய்விடும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கழுகுமலைக்குப் போகிற வேனில்தான் அதன் முழு அர்த்தமும் எனக்கு உறைத்தது. கனிக்குத் தாய்மாமன் என் அப்பா. அப்படியென்றால் அப்பாவின் மடி இத்தனை பேர் பார்க்க, மாலை மரியாதையோடு, மேளம் கொட்டி, கனிக்கு. மொபெட்டின் முன்னிடத்தைப்போல இது அவளுக்காக யாரும் ஒதுங்கிக் கொடுத்ததல்ல. பிறந்த அன்றே அவளுக்கு எழுதி வைத்தது. அந்த மடியில் அவளுக்கு இருக்கிற முறை, பெற்ற மகளான எனக்கு இல்லை.

என் அம்மாவுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அதனால் கயத்தாற்றிலிருந்து அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் எனக்கு மாமனாக வருவதாக ஏற்பாடு. அவர் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாராம். அம்மா இன்றுவரை நம்பவில்லை. மலை அடிவாரத்தில் காவடியும் கூட்டமும் வெயிலுமாக இருந்த அந்தக் காலையில், நல்ல நேரம் முடியப்போகிறது என்று எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் அவர் வரவே கூடாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். மாமன் இல்லையென்றால் மிச்சம் இருப்பது யார் மடி? அப்பா மடிதானே. என் கணக்கு அப்படி.

"அண்ணாச்சி, இன்னும் பத்து இருவது பிள்ளைய காத்துக்கிட்டு இருக்கு. இந்தப் பிள்ளைக்கு மாமன் வந்தாச்சா, இல்லையா?" என்று காது குத்துகிற ஆசாரி அவசரப்படுத்தினார்.

"நான் அப்பா மடியிலதான் உக்காருவேன்" என்றேன்.

அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "பெத்த தகப்பன் மடியில வச்சுக் குத்தக் கூடாதும்மா. முறை இல்லல்லா."

அப்போதுதான் அப்பாவின் பெரியத்தை, வெற்றிலையைத் துப்பிவிட்டு, கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏய்யா, மாமனத் தேடி அங்கன என்னத்தப் பாக்கீங்க? கனிக்கு அப்பன்னா, இந்தக் கோமுக்கு யாரு? அத்த புருசன் மாமன்தானே! மாமன் இங்கன உக்காந்திருக்காம்லா! இவள அவன் மடியில வையி, அவள இவன் மடியில வையி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா சோலி முடிஞ்சிது."

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. முறையும் சரி, நேரமும் சரி, கயத்தாற்றுக்காரரின் முகத்தில் இனி முழிக்கவும் வேண்டாம். இரண்டு பாய்களை எதிரெதிரே விரித்தார்கள். ஒன்றில் அப்பா, அவர் மடியில் கனி. இன்னொன்றில் புதியம்புத்தூர் மாமா, அவர் மடியில் நான். ஆசாரி ஒரு பக்கமும் அவர் தம்பி ஒரு பக்கமும் ஊசியோடு உட்கார்ந்தார்கள். மகளை மாற்றி மகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முறை சரியாக இருந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது.

மாமாவின் சட்டையில் புதுத்துணிக் கஞ்சியும் மெஷின் எண்ணெயும் மணத்தன. கையில் நூல்துண்டுகள் ஒட்டியிருந்தன. "வலிக்காது கோமு, வலிக்காது" என்று என் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லும்போதும் அவர் பார்வை எதிர்ப் பாயில்தான் இருந்தது. நானும் எதிர்ப் பாயைத்தான் பார்த்தேன். அப்பா தன் உள்ளங்கையால் கனியின் கண்ணுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தார். பாகு தெறித்துத் தழும்பான அந்தக் கை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அப்பாவின் கைக்கு அடியிலிருந்து கனியின் கண்களைப் பார்த்தேன். அவள் ஊசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக்கூட அல்ல, என் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் அப்பாவின் கையை. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுகிற அப்பா. அன்றைக்குத்தான் நாள் முழுக்க இருக்கிறார், இருந்தும் மடியில் நான். சண்டைக்கே வராத, பெரிய பாதியை நீட்டுகிற அந்த நல்ல பிள்ளையின் முகத்தில் இருந்தது அச்சு அசல் என் முகம். இரண்டு வருஷமாக மொபெட்டின் பின்சீட்டில் நான் வைத்திருந்த முகம்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. பரம திருப்தியாக இருந்தது. மாமாவின் நெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அவள் விடுவாளா, என் அப்பாவின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். புதைத்தவள், என்ன செய்கிறேன் என்று பார்க்க ஒரு கணம் தலையைத் திருப்பினாள். ஊசி இறங்கியது அந்தக் கணத்தில்தான். அவளுடைய இடது காதில் துவாரம் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீறிட்டோம். "ஊசி வலி, இந்தா சரியாயிரும்" என்று பெரியவர்கள் எங்கள் வாயில் ஆளுக்கொரு துண்டுக் கடலைமிட்டாயை வைத்து அடைத்தார்கள்.

மறுநாள் கனியின் காது வீங்கிவிட்டது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு யார் முன்னாடி என்று அப்பா கேட்கவே இல்லை, நேராக அவளைத் தூக்கி முன்னால் நிறுத்திவிட்டார்.

கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துப் படித்தபோது, சொற்களின் பூர்வீகம் சொல்கிற தடித்த அகராதியில் நான் முதலில் தேடிப் போனது இந்தச் சொல்லைத்தான். எதிரியின் ஊர் பேர் விசாரிக்கிற மாதிரி. "ஜஸ்ட்" என்று நியாயத்தைக் குறிக்கிற ஒரு சொல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறதே, நியாயப்படுத்து, சரிசமமாக்கு என்றுதான் பொருள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் நியாயத்துக்கும் பிறப்பில் எந்த உறவும் இல்லை. லத்தீனில் "பக்கத்தில்" என்று ஒரு சொல். அதிலிருந்து "பக்கத்தில் கொண்டுவந்து சேர்" என்று ஒரு வினை. அது பிரெஞ்சு வழியாக நடந்து வரும்போது, ஓசை ஒத்திருந்ததால் மக்கள் அதை நியாயத்தின் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் அப்படியே காட்டிக்கொண்டு பிழைத்தது. இன்னும் ஆழத்தில் தோண்டினால் "சேர்த்துக் கட்டு" என்கிற பழைய வேர் ஒன்று வருகிறது. இரண்டு மாட்டின் கழுத்தில் வைக்கிற நுகத்தடிக்கு ஆங்கிலத்தில் இருக்கிற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான்.

படித்துவிட்டு விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன். நியாயம் இல்லை என்பதை நான் மொபெட்டின் பின்சீட்டிலேயே கண்டுபிடித்திருந்தேன். ஒருவரைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தால் இன்னொருவர் தள்ளிப் போகத்தான் வேண்டும் என்பதை மட்டும் எந்த அகராதியும் எழுதவில்லை.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. அப்பாவுக்கு அடுப்புச் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு மூடியாயிற்று. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. மொபெட் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நாங்கள் வளர்ந்த பிறகு அதன் முன்னிடம் மறுபடியும் மிட்டாய் மூட்டைக்கே போயிருந்தது. புதியம்புத்தூர் மாமா சில வருஷங்களுக்கு முன்னால் தவறிப்போனார். கனி கோவில்பட்டியிலேயே வாக்கப்பட்டு, எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறாள். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவள். மாத்திரை வாங்குவது அவள். வேட்டி சட்டை துவைக்க முடியாமல் அம்மாவுக்குக் கை வலி வந்ததும், துணியை மூட்டை கட்டித் தன் வீட்டு மெஷினில் போடுவதும் அவள். நான் லீவு போட்டு வருகிறேன் என்று போனில் சொன்னால், "நீ எதுக்கு அலையுதே? அவ இங்கன இருக்கால்லா" என்கிறாள் அம்மா. அப்பா போனை வாங்கினால், "கனி இப்பத்தான் வந்துட்டுப் போனா" என்பதில்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

போன மாதம் ரயிலில் போய் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் கனி ஸ்கூட்டியோடு நின்றாள், பின்சீட்டில் அப்பா. வேண்டாம் என்றாலும் கேட்காமல் வந்துவிட்டாராம். ஆட்டோவில் வருகிறேன் என்றேன்.

"எதுக்குட்டி ஆட்டோ? ஏறு. அட்ஜஸ்ட் பண்ணி உக்காரு" என்றாள் கனி. சொல்லும்போதே அப்பா நகர்ந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டார். மிச்சம் இருந்த கையகல இடத்தில் நான் ஏறினேன். இத்தனை வருஷம் கழித்தும் பின்னாடிதான்.

வண்டி எட்டயபுரம் ரோட்டில் திரும்பியது. குலுங்கியபோது என் முகம் அப்பாவின் சட்டையில் பட்டது. மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாகு இல்லை, சுக்கு இல்லை, கடலைத்தோல் இல்லை. கனி வீட்டுச் சோப்பு வாசனை. எனக்குப் பழைய இடத்தில் பழைய மாதிரியே எரிந்தது. இரண்டு கையையும் அப்பாவின் வயிற்றைச் சுற்றிக் கோத்துக்கொண்டேன்.

கண்ணாடியில் கனியின் முகம் தெரிந்தது. இடது காதின் கம்மல் வலதைவிட ஒரு நூல் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அதே கண்ணாடியில் அப்பாவைச் சுற்றியிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவ ரொம்ப இறுக்காதட்டி. அவியளுக்கு மூச்சு முட்டும்" என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.